கேத்தில் மட்டும் வேணுமாம்

கிரின்ஸ்டெட்
14.10.85

அன்புள்ள மாக்கிரட் அக்காவுக்கு,

தம்பி அந்தோனிதாசன் எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் உயிரோடும் தடிமனோடும் இருக்கிறேன். நீங்களும் பேதுரு அத்தானும் பிள்ளைகள் இரண்டு பேரும் சுகமாக இருக்க வேண்டுமென்று மாதாவை மன்றாடுகிறேன்.

நீங்கள் பின்னி அனுப்பிய கம்பளிச் சட்டை அளவாக இருக்கிறது. மேரிசெலின் கோயிலில் முதல் நன்மை வாங்கிய படமும் கிடைத்தது. பிள்ளை வெள்ளைச் சட்டையில் நல்ல வடிவு. மே மாதத்துக்குப் பிறகு ஏன் கடிதம் இல்லை, கோபமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு என்ன கோபம்? நீங்கள் தபாலில் அனுப்பிய அழைப்பு அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நல்ல மட்டை, நல்ல அச்சு.

வேலை அதேதான். தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறேன். தவராஜாவும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவன் சமைக்கிறான், நான் குறை சொல்கிறேன். சனிக்கிழமைகளில் மட்டும் நான் மனுசன். ஊர் விளையாட்டு மண்டபத்தில் கூடைப்பந்து ஆட்டம் நடக்கும். போன குளிருக்குள் சும்மா சூட்டுக்கு ஒதுங்கப் போன இடம். புள்ளி மேசையில் இருந்தவர்கள் ஒரு பையனின் பவுலை, அவனை வெளியேற்ற வேண்டிய ஐந்தாவது தப்பாட்டத்தை, எழுதாமல் விட்டுவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் எட்டு வருடம் பள்ளிக்கூட ஆட்டங்களுக்குப் புள்ளி எழுதிய கை சும்மா கிடக்குமா? ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன். அடுத்த கிழமை மேசையில் எனக்கு ஒரு கதிரை போட்டிருந்தார்கள்.

இப்போது மேசையில் ஐந்து பேர். நேரம் பார்க்கிற பியர்த்தா, மணி அடிக்கிற அவளின் புருசன், புத்தகம் எழுதுகிற ஓலே, அறிவிப்பாளர் ஐனர், அவருக்கு இடப்பக்கம் நான். ஐனருக்கு அறுபத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருடமாக அந்த மண்டபத்தில் ஒலிவாங்கி பிடிக்கிறார். ஊர் ரீவி தொடங்கிய நாளிலிருந்து அவருடைய குரல்தான் ரீவியிலும் போகிறது. அந்த வயது மனுசனைப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறார்கள். நான் மனதுக்குள் ஓர் அண்ணையைச் சேர்த்துக்கொள்வேன்.

அவர் கத்த மாட்டார். எதிராளி நல்ல பந்து போட்டாலும் அதே குரலில் நல்லதென்று சொல்வார். கண்ணை ஆட்டத்திலிருந்து எடுக்காமல் இடது கையை மட்டும் என் பக்கம் நீட்டுவார். யார் போட்டது, எத்தனை புள்ளி, எத்தனையாவது பவுல் என்று எழுதிய துண்டை நான் அந்தக் கையில் வைப்பேன். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு முறையும் ஒரே வசனம்: "வீதி வழுக்கும், பார்த்துப் போங்கோ." வெயில் எறித்தாலும் அதைத்தான் சொல்வார்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புத் தம்பி,
தாசன்

*

பிரெடெரிசியா
27.10.85

அன்புத் தம்பி தாசனுக்கு,

உன் கடிதம் கண்டு வயிறு குளிர்ந்தது. தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி. இங்கே எல்லோரும் சுகம். அத்தானுக்கு வேலை மாறி மாறி வருகிறது. நான் முதியோர் இல்லத்தில் காலை வேலை. சின்னவன் கிறிஸ்துநாயகம் டேனிஷில் பதில் சொல்கிறான், நான் தமிழில் அடிக்கிறேன்.

அட்டையைப் பற்றி நீ எழுதியதை வாசித்தேன். அதற்கு நான் ஒன்றும் எழுதவில்லை.

மண்டபத்தைப் பற்றி இன்னும் எழுது. ஐனர் இப்போதும் அந்தச் சிவப்புச் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறாரா? உனக்குச் சாப்பிட யாராவது ஏதாவது தருவார்களா? நீ வெறும் வயிற்றோடு போகாதே.

உன் அக்கா,
மாக்கிரட்

*

கிரின்ஸ்டெட்
19.1.86

அக்கா,

புதுவருட வாழ்த்து. எல்லோரும் சுகம்தானே? நான் சுகமாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, வயிறுதான் எரிகிறது.

ஐனரை நிறுத்தப் போகிறார்கள். இந்தப் பருவத்தோடு சரியாம். ரீவிக்குப் பொறுப்பாக ஒருவன் வந்திருக்கிறான். மஞ்சள் சட்டம் போட்ட கண்ணாடி, என்னைவிட வயது குறைவு, மண்டபத்துக்குள் சப்பாத்துக் கழற்றாமல் வருகிறவன். ஐனரின் குரல் "ஆறுதலாம்", வேகம் இல்லையாம், இளம் ஆட்கள் பார்க்க வேண்டுமென்றால் கத்துகிற ஆள் வேண்டுமாம். ரீவி ஆளே மண்டபத்திலும் அறிவிப்பான் என்று கழகமும் தலையாட்டிவிட்டது. கத்துகிற ஆளையும் பிடித்துவிட்டார்கள். போன சனி ஒத்திகை என்று வந்து பந்து கூடைக்குள் போகமுதலே குழறினான். பந்து போகவில்லை!

இருபத்திரண்டு வருடம் அக்கா! ஒரு சதமும் வாங்காமல், ஒரு பேரைப் பிழையாகச் சொல்லாமல். அந்த மனுசன் என்னிடம் இதைச் சொன்ன விதம் கேளுங்கள். கறுப்புப் பாணைக் கடித்துக்கொண்டு, "தாசன், எனக்கு இனிச் சனிக்கிழமை பின்னேரம் சும்மா கிடக்கும்" என்றார். எனக்குத்தான் கோபம் தலைக்கேறியது.

சும்மா இருக்கவில்லை. ஒரு விண்ணப்பம் எழுதி, பியர்த்தாவிடம் டேனிஷைத் திருத்தி வாங்கி, வீடு வீடாகப் போகிறேன். பனிக்குள் சைக்கிளில். இவர்கள் வாசலிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பப் பார்க்கிறார்கள். நான் விடவில்லை. உள்ளே போய் இருந்து, கோப்பி குடித்து, விசயத்தை முதலிலிருந்து சொல்லித்தான் வாங்குகிறேன். ஒரு நாளைக்கு ஏழு கோப்பி.

சிவப்புச் சால்வையைக் கேட்டீர்கள். ஓம், அதேதான், அவரின் மனுசி பின்னியது. நான் அதை எழுதியதாக நினைவில்லை. எழுதியிருப்பேன்.

கோபத்தோடு,
தாசன்

*

பிரெடெரிசியா
2.2.86

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் வயிற்றெரிவு கோபமா கோப்பியா என்று அத்தான் கேட்கிறார். ஏழு கோப்பி குடிக்காதே.

நீ செய்வது சரி. கேட்க ஒரு ஆளாவது வேண்டும். ஆனால் வந்த இடத்தில் அந்த மஞ்சள் கண்ணாடியோடு கைகலக்கப் போகாதே. உனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று எனக்குத் தெரியும். உன் விண்ணப்பத்தைப் பற்றி ஐனர் என்ன சொல்கிறார் என்று நீ எழுதவே இல்லை. அவர் சண்டை பிடிக்கச் சொன்னாரா?

விண்ணப்பம் சரிவராவிட்டால் பிரியாவிடையை வடிவாகச் செய்யுங்கள். அதுதான் அவருக்கு நிற்கும்.

நேற்றுத்தான் மீன் குழம்பு வைத்தேன், உன்னை நினைத்தேன்.

அக்கா

*

கிரின்ஸ்டெட்
23.2.86

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் செபம். என் சுகத்தைக் கேட்காதீர்கள்.

விண்ணப்பத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. மஞ்சள் கண்ணாடி நன்றி சொல்லி வாங்கி மேசையில் வைத்து, அதற்கு மேலே கோப்பிக் கோப்பையை வைத்தான். கண்ணால் கண்டேன். அதோடு அந்தக் கதை முடிந்தது.

இப்போது அதைவிடப் பெரிய அநியாயம். மார்ச் 22 கடைசி ஆட்டம். அது முடிய மண்டபத்துச் சிற்றுண்டிச்சாலையில் ஐனருக்குப் பிரியாவிடையாம். இதை எனக்கு யார் சொன்னது தெரியுமா? தவராஜா! அவன் மீன் சுற்றி வந்த பேப்பரில் பார்த்தான். கையகல விளம்பரம்: இத்தனையாம் திகதி, இத்தனை மணி, எல்லோரும் வருக. அடியில் "மேசைக்காரர்" என்று கையெழுத்து.

எல்லோரும் என்றால் யார் அக்கா? எல்லோரும் என்றால் ஒருவரும் இல்லை. பேப்பரில் போட்டுக் கூப்பிடுவது மலிவு விற்பனைக்கு. மேசைக்காரர் என்றால் ஓலேயும் பியர்த்தாவும்தான். ஒவ்வொரு சனியும் என் பக்கத்தில் இருக்கிறார்கள். "தாசன், நீயும் வா" என்று சொல்ல அவர்கள் வாயில் புண்ணா? ஐனராவது சொன்னாரா? "சனிக்கிழமை காணுவம்" என்றார். அதை அவர் பஸ் சாரதியிடமும் சொல்வார்.

இன்னும் கேளுங்கள். போன செவ்வாய் பியர்த்தா வந்து, "தாசன், உன்ரை அந்தப் பெரிய கேத்திலைத் தருவியா? இருபத்திரண்டாம் திகதி தேத்தண்ணிக்கு வேணும்" என்றாள். எனக்கு அழைப்பில்லை, என் கேத்தில் மட்டும் வேணுமாம்! மானம் கெட்டுப்போய் ஓம் என்று சொல்லிவிட்டேன். கேத்திலைத் தவராஜாவிடம் கொடுத்தனுப்புவேன். நான் போக மாட்டேன். ஆட்டத்துக்கும் போக மாட்டேன். அந்தக் கதிரை வெறுமையாகக் கிடக்கட்டும். அப்போதாவது யோசிப்பார்கள்.

தாசன்

*

பிரெடெரிசியா
2.3.86

தம்பி தாசன்,

எல்லோரும் சுகம். நேரே விசயத்துக்கு வருகிறேன். உனக்கு என்ன விசரா?

இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் கதையைக் கேள். போன வருடம் எங்கள் முதியோர் இல்லத்தில் ஒரு மனுசி ஓய்வு பெற்றாள். எனக்கு வேலை பழக்கியவள். சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு தாளை ஒட்டினாள், அவ்வளவுதான். என்னிடம் வந்து சொல்லவில்லையே என்று நானும் முகத்தைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. திங்கட்கிழமை குளிர்ப்பெட்டியைத் திறந்தால் ஒரு துண்டு கேக். மேலே ஒரு பேப்பரில் என் பேர். அவள் தன் கையால் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதற்குப் பிறகு அவளை நான் காணவே இல்லை. அவள் ஓகஸ்டில் செத்துப்போனாள்.

ஐனருக்கு அறுபத்தெட்டு வயது. கடைசி நாள் ஒன்றுதான் வரும். மஞ்சள் கண்ணாடி செய்தது அநியாயம். நீ செய்யப் போவது அதைவிட அநியாயம். அவன் மேசையிலிருந்து அவரை எழுப்புகிறான், நீ அதற்கு முதலே எழும்பிப் போகிறாய்.

உன் வறட்டு மானத்தைக் கேத்திலோடு சேர்த்துக் கொடுத்தனுப்பிவிட்டு நீ போ. அக்கா கேட்கிறேன்.

மாக்கிரட்

*

கிரின்ஸ்டெட்
9.3.86

அக்காவுக்கு,

சுகம். சுகம் அறிய ஆவல். கடமை முடிந்தது.

எனக்குப் புத்தி சொல்ல உங்களுக்கு என்ன உரிமை? பேப்பரில் போட்டுக் கூப்பிட்டவர்களை நீங்கள் ஞாயப்படுத்துவீர்கள்தானே. நீங்களும் அந்தச் சாதிதானே. தாய்மாமனுக்குத் தபாலில் அட்டை! மேரிசெலினைப் பிறந்த மூன்றாம் நாள் கையில் ஏந்தியவன் நான். அவளுடைய முதல் நன்மைக்கு எனக்கும் ஒரு அட்டை, அத்தானோடு வேலை செய்கிற ஆட்களுக்கும் அதே அட்டை. பேரை மட்டும் பேனையால் நிரப்பியிருந்தீர்கள். பேதுரு அத்தானுக்குக் கிரின்ஸ்டெட்டுக்கு வழி தெரியாதா? உங்களுக்குத் தெரியாதா? வைலேயில் ஒரு பஸ் மாறினால் வந்துவிடலாம். ஊரில் என்றால் கனகசபை மாமா வீட்டு வளவுக்குள் போய் நின்று சொல்லாமல் அப்பா ஒரு கொண்டாட்டம் வைத்திருப்பாரா?

அதற்கு நான் வராததற்கு வேலை என்று சொன்னது பொய். எனக்கு அன்றைக்கு வேலையே இல்லை. மேயிலிருந்து நெஞ்சுக்குள் கிடந்ததைச் சொல்லிவிட்டேன். இனி நீங்கள் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி.

அந்தோனிதாசன்

*

கிரின்ஸ்டெட்
26.3.86

அக்கா,

நீங்கள் பதில் போடவில்லை. போட மாட்டீர்கள் என்று தெரியும். சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

நான் போகவில்லை. சனி முழுவதும் வீட்டில் இருந்து ஒரு பை உள்ளிப்பூண்டை உரித்தேன். ஆட்டத்தை ரீவியில் நேற்றுச் செவ்வாய்தான் போட்டார்கள். பார்க்கக் கூடாது என்று இருந்தேன். தவராஜா போட்டுவிட்டான்.

என் கதிரையில் ஒருவரையும் இருத்தவில்லை. ஐனர் வழமைபோல ஆட்டத்தைப் பார்த்தபடி இடது கையை நீட்டினார். அங்கே ஒன்றும் இல்லை. கையை மடக்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் திரும்ப நீட்டினார். இருபத்திரண்டு வருடப் பழக்கமா? இல்லை அக்கா, என்னோடு பழகிய ஒன்றரை வருடப் பழக்கம். இரண்டாம் பாதியில் ஒரு பையனுக்கு நாலாவது பவுல், இவர் மூன்று என்றுவிட்டார். மண்டபம் சிரித்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். அந்த மனுசன் ஒலிவாங்கியில் மன்னிப்புக் கேட்டு நான் கேட்டதில்லை. கடைசி நாளில் கேட்க வைத்தவன் நான்.

முடிவில் எல்லோருக்கும் பேர் பேராக நன்றி சொன்னார். மஞ்சள் கண்ணாடிக்கும் சொன்னார், அவருடைய நல்ல குணம். பிறகு சொன்னார்: "என்ரை இடப்பக்கம் இருக்கிற தாசன் இண்டைக்கு வரேல்லை. வராமல் விடுற ஆள் இல்லை அவர். உடம்புக்கு வருத்தமாய் இருக்கலாம். ஆராவது போய்ப் பாருங்கோ." பிறகு அந்த வசனத்தைச் சொல்ல வாயைத் திறந்தார். சொல்ல விடவில்லை. நானூறு பேரும் எழும்பி நின்று ஒரே குரலில் அவருக்குச் சொன்னார்கள்: "வீதி வழுக்கும், பார்த்துப் போங்கோ!" ஐனர் சிவப்புச் சால்வையால் முகத்தைத் துடைத்தார். சிற்றுண்டிச்சாலையைக் காட்டினார்கள். நடு மேசையில் என் கேத்தில் நிற்கிறது.

சனி பின்னேரம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. பியர்த்தாவாகத்தான் இருக்கும். நான் திறக்கவில்லை. எனக்கு என்னிலேயே ஆத்திரம் வருகிறது, அக்கா. அவர்களிலும் ஆத்திரம் போகவில்லை. ஒரு சொல் சொல்லியிருக்கலாமே. ஒரே ஒரு சொல்.

தாசன்

*

பிரெடெரிசியா
31.3.86
உயிர்த்த ஞாயிற்றுக்கு மறுநாள்

என் அன்புத் தம்பிக்கு,

பாஸ்கா வாழ்த்து. நாங்கள் சுகம். உன் மார்ச் 9 கடிதத்துக்குப் பதில் மூன்று முறை எழுதிக் கிழித்தேன். கோபத்தில் எழுதியவை, கிழித்தது நல்லது.

இதை நான் உனக்குச் சொல்வதில்லை என்று இருந்தேன். நான் வந்தனான், தாசன். போன வருடம் மார்ச் 30, குருத்து ஞாயிற்றுக்கு முதல் நாள். அத்தானுக்கு லீவு கிடைக்கவில்லை. பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டு, வைலேயில் பஸ் மாறி, உனக்கு வாயால் சொல்லத்தான் வந்தேன். வீட்டில் நீ இல்லை. பக்கத்து வீட்டு மனுசி மண்டபத்தைக் காட்டினாள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். நீ மேசையில் இருந்தாய். சிவப்புச் சால்வை போட்ட கிழவர் கையை நீட்ட, நீ துண்டை வைத்தாய். அவர் ஏதோ சொன்னார், நீ சிரித்தாய். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு நீ சிரித்து நான் காணவில்லை. இங்கே வந்த நாளிலிருந்து நீ வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பாய். நான் உள்ளே வந்தால் நீ எழும்பி வருவாய், அந்தச் சிரிப்பு நின்றுவிடும் என்று பயந்தேன். ஆட்டம் முடியட்டும் என்று காத்து நின்றேன். முடிகிற நேரம் கடைசி பஸ்ஸுக்கு ஏழு நிமிடம்தான் இருந்தது. அவர் ஒலிவாங்கியில் வீதி வழுக்கும் என்று சொன்னார். ஓடினேன். பணியாரத்தைப் பிள்ளைகள் தின்றார்கள். உனக்கு அட்டை போட்டேன், நீ விளங்கிக்கொள்வாய் என்று.

சொல்லாமல் விட்டது என் பிழை. வந்தேன் என்றாவது எழுதியிருக்கலாம். அக்கா வாசல்வரை வந்து திரும்பினாள் என்று தெரிந்தால் நீ உன்னையே தின்பாய் என்று விட்டேன்.

மே நாலாம் திகதி கிறிஸ்துநாயகத்துக்கு முதல் நன்மை. ஏப்ரல் 12 சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு நானும் அத்தானும் உன் வீட்டுக்குச் சொல்ல வருவோம். வீட்டில் இரு. இப்போது ஆட்டமும் இல்லை.

அக்கா

*

கிரின்ஸ்டெட்
14.4.86

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நீங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்று முறையாகச் சொன்னதைத் தவராஜா தொழிற்சாலை முழுவதும் சொல்லிக்கொண்டு திரிகிறான். பணியாரத்தில் பாதியை அவன் முடித்துவிட்டான்.

நீங்கள் சொன்னபடி நேற்று ஐனர் வீட்டுக்குப் போனேன். நீங்கள் தந்த அட்டையில் அவர் பேரை எழுதி, சட்டை மாற்றி, தவராஜாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மணி அடித்தேன். வீட்டுச் செருப்போடு வந்து கதவைத் திறந்தார்.

"தாசன்! வருத்தமோ?"

"இல்லை."

"ரெலிபோன் எடுத்திருக்கலாமே."

"இது ரெலிபோனிலை சொல்லுற விசயம் இல்லை."

உள்ளே கூப்பிட்டு இருத்தினார். கோப்பி வந்தது. பிறகு அந்தக் கத்தத் தெரியாத மனுசன் கத்தினார், அக்கா. "ஏன் வரேல்லை? பியர்த்தா உன்ரை வீட்டுக் கதவைத் தட்டினவள். நான் கேக்கை வெட்டாமல் ஒரு மணித்தியாலம் வைச்சிருந்தனான்!"

எனக்கும் விட்டுக்கொடுக்க மனமில்லை. "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றேன்.

அவர் எழும்பிப் போய் அந்தப் பேப்பர் விளம்பரத்தை எடுத்து வந்தார். வெட்டி வைத்திருக்கிறார். அடியில் விரலை வைத்தார். "மேசைக்காரர். ஓலே, பியர்த்தா, அவளின்ரை மனுசன், நீ. நாலு பேர். நீதானே கூப்பிட்டனீ? நீதானே கேத்தில் தந்தனீ? உனக்கு ஆர் வந்து சொல்லுறது?"

வீட்டுக்காரனுக்கு யார் அழைப்புச் சொல்வார்கள்? ஊரில் நாங்களும் சொல்வதில்லையே. கொண்டாட்ட வீட்டில் அடுப்பு மூட்டுகிறவன் எனக்குச் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டு போனால் சனம் சிரிக்கும். கேத்திலைக் கேட்டபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். இரண்டு மாதம் குதித்தேன், அக்கா. என் வீட்டுக் கொண்டாட்டத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை என்று குதித்திருக்கிறேன்.

தவராஜா முழங்கையால் இடித்தான். எழும்பி நின்று முறையாகச் சொன்னேன்: "என்ரை மருமகனுக்கு மே நாலாம் திகதி முதல் நன்மை. பிரெடெரிசியாவிலை. நீங்கள் கட்டாயம் வரவேணும், அண்ணை." கடைசிச் சொல்லைத் தமிழிலேயே சொன்னேன். அவர் என்ன என்று கேட்கவில்லை.

ஐனர் என்னைப் பார்க்கவில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். இடது கையை மட்டும் என் பக்கம் நீட்டினார். நான் அட்டையை அதில் வைத்தேன்.

தம்பி,
தாசன்